துவர்ப்பு

எங்க தெருவுல துவர்ப்போட கணக்கு ரெண்டு பேருக்கு அத்துபடி. ஒருத்தரு எங்க தாத்தா, இன்னொண்ணு எங்க அப்பத்தா. தாத்தா துவர்ப்பைத் தோல்ல ஏத்துனவரு. அப்பத்தா அதை ஆட்டு வயித்துல ஏத்துனது. ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னதுகூட இல்ல. நான் ஆடு வளக்குறவ. பத்தாவது வரைக்கும் படிச்சேன், இப்ப சத்துணவுக் கூடத்துல உதவியாளரா இருக்கேன். ஆட்டுக்குக் குழை போடுறதைப் பத்தி எழுதுறதுக்கு என்ன இருக்குன்னு சில பேரு நினைக்கலாம். நிறைய இருக்கு. குழை எந்த மரத்துல இருக்கு, அந்த மரம் யாரு கையில இருக்குன்னு கேட்டாப் போதும், ஊர்க் கதை மொத்தமும் வெளிய வந்துரும்.

தாத்தா காலத்துல மதுரைச் சுத்துவட்டாரத்துல கிணத்துத் தண்ணிய இறைச்சது கமலைதான். கமலைச் சாலுக்குத் தோல்வால் வேணும். அதைச் செஞ்சு கொடுக்குறது எங்க தெரு. செத்த மாட்டைத் தூக்கிட்டு வந்து, தோலை உரிச்சு, சுண்ணாம்புத் தண்ணியில ஊறப் போட்டு, முடியையும் சதையையும் வழிச்சு எடுப்பாக. பிறகு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இடிச்சுப் போட்ட தண்ணி. தோலைப் பை மாதிரி தச்சு, அதுக்குள்ள அந்தத் தண்ணிய ஊத்தி மரத்துல தொங்க விட்டா, சொட்டுச் சொட்டா ஊறி இறங்கும். நாள் கணக்கா மாத்தி மாத்தி ஊத்தணும். தாத்தா விரல்ல ஒரு சொட்டுத் தொட்டு நாக்குல வச்சுப் பார்த்து, "இன்னும் ஏறல"ம்பாரு. நாக்கு எந்தளவுக்கு இழுக்குதோ அதுதான் அவருக்கு அளவு.

அந்தத் துவர்ப்புக்குப் பேரு டானின். தோல்ல இருக்குற புரதத்தோட டானின் ஒட்டிக்கிட்டா, பிறகு கிருமி அதைத் தின்ன முடியாது. அழுகிப் போக வேண்டிய தோல் வருசக்கணக்குக்கு நிக்கும். இதை ஆராய 1948-ல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. வந்ததுல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அதுக்கு முன்னால நூறு நூறு வருசமா அதே வேலைய நாக்கால அளந்து செஞ்சவங்களுக்கு ஊருல கிடைச்ச பேரு என்னான்னு உங்களுக்கே தெரியும். கமலைக்கு வாலும், காலுக்குச் செருப்பும், சாமிக்கு மேளத்தோலும் எங்ககிட்ட வேணும். ஆனா வாசல்ல நிக்கக் கூடாது, டீக்கடையில கிளாசைத் தொடக் கூடாது.

பம்புசெட்டு வந்ததும் கமலை போச்சு. கமலையோட தாத்தா தொழிலும் போச்சு. அதுக்குப் பிறகு எங்க வீட்டைக் காப்பாத்துனது அப்பத்தாவோட ஆடுக.

ஆடுகன்னா எங்க ஆடு இல்ல. மேலத்தெருக்காரங்க பெட்டையக் கொடுப்பாங்க, நாங்க மேய்ச்சு வளக்கணும். ஈத்துல பாதி அவங்களுக்கு, பாதி எங்களுக்கு. வாரத்துக்கு வளக்குறதுன்னு பேரு. ஒத்தக் குட்டி போட்டா அடுத்த ஈத்து வரைக்கும் காத்திருக்கணும். குட்டி செத்தா, "நீ என்ன போட்ட? குழைய ஒழுங்கா ஒடிச்சியா?"ன்னு கேள்வி எங்களுக்குத்தான். அப்படிப் பங்குல வந்த குட்டியிலருந்து குட்டி பெருக்கித்தான் அப்பத்தா சொந்தமா ஒரு மந்தை சேத்துச்சு. அதனால ஒரு குட்டி இளைச்சாக்கூட அதுக்குத் தூக்கம் வராது.

அப்பத்தாகிட்ட சில சட்டங்கள் இருந்துச்சு. ஒரே மரத்துக் குழைய வயிறு நிறையப் போடாத. விடிஞ்சதும் வெறும் வயித்துக்குக் கருவேலங்குழை கூடாது. மொதல்ல கொஞ்சம் புல்லோ வேம்போ தின்னட்டும். பச்சை நெத்தை உலுக்காத, பழுத்துத் தானா விழுந்ததைப் பொறுக்கிப் போடு. மழை விட்டு ஈரத்துல மேய்ஞ்ச நாள்கள்ல சாயங்காலம் ஒரு கை கருவேலங்குழையும் இலந்தைக் குழையும் கண்டிப்பாக் கொடு. காலையில எந்திரிச்சதும் ஆட்டு மூஞ்சியப் பாக்குறதுக்கு முன்னால புழுக்கையைப் பாரு.

எனக்குச் சின்ன வயசுல இதெல்லாம் கிழவி பேச்சாத்தான் பட்டுச்சு. பின்னால ஒரு கால்நடைப் பயிற்சிக்குப் போய் மூணு நாள் உக்காந்தேன். அங்க ஒரு டாக்டரம்மா வரிசையா விளக்கிச் சொல்லிட்டு வந்தாங்க. எனக்குக் காதுல அப்பத்தா குரல்தான் கேட்டுச்சு. நோட்டுல எழுதிக்கிட்டது இது.

ஆட்டுக்கு வயிறு நாலு அறை. முதல் பெரிய அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து இலையை நொதிக்கவைக்கின்றன. நாம் புண்ணாக்கு, அகத்தி என்று புரதம் கொடுத்தால் அதில் பெரும்பகுதியை இவை உடைத்து அம்மோனியாவாக்கிவிடும். அதில் ஒரு பாதியை அவை தங்கள் உடம்பாக்கிக்கொள்ளும், மிஞ்சியது மூத்திரத்தில் போய்விடும். டானின் அளவாக இருந்தால் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, அந்த நுண்ணுயிர்கள் அவ்வளவையும் உடைக்காமல் தடுக்கும். நாலாவது அறையில் புளிப்பு அதிகம். அங்கே போனதும் அந்தப் பிடி விட்டுப் புரதம் தனியே வரும். குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். வளர்கிற குட்டிக்குச் சதையாவது இந்தப் புரதம்தான்.

இதெல்லாம் அளவோட இருக்குற வரைக்கும்தான். தீனியின் காய்ந்த எடையில் டானின் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை இருந்தால் நல்லது செய்யும். 5-ஐத் தாண்டினால் பாதகம். வாய் இழுக்கும், ஆடு தீனியைக் குறைக்கும். பெருவயிற்றில் செரிமானம் மந்தமாகும். ஒட்டிய புரதம் விடாமல் புழுக்கையோடு வெளியே போய்விடும். புழுக்கை கல்லு மாதிரி இறுகும். இன்னும் மீறினால் குடலும் ஈரலும் சிறுநீரகமும் கெடும். வெள்ளாடு செம்மறியை விடத் துவர்ப்பைத் தாங்கும். தாங்கும்னு அதையே போட்டுக்கிட்டு இருந்தா ஆடு வளராது. வயிறு மட்டும் பெருத்து முதுகெலும்பு துருத்தி நிக்கும்.

இப்ப அப்பத்தா சட்டத்தைத் திரும்பப் பாருங்க. ஒரே மரத்துக் குழை கூடாதுன்னா என்ன அர்த்தம்? துவர்ப்பைக் கலந்து நீர்க்கவைக்கிறது. பச்சை நெத்து கூடாதுன்னா? பிஞ்சுல துவர்ப்பு ஏறி நிக்கும், பழுத்தா இறங்கும். புழுக்கையப் பாருன்னா? மீறிப்போச்சான்னு சொல்லுற மொத சாட்சி அதுதான்.

மழைக்குப் பிறகு கருவேலங்குழைங்கிற கதைதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஐப்பசி கார்த்திகை மழையில புல்லு நுனியில புழுக்குஞ்சு ஏறி நிக்கும். அதை ஆடு மேயும். உள்ள போற புழுவுல மோசமானது நாலாவது வயித்துல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கிற புழு. குட்டி சோகை பிடிச்சு, தாடைக்குக் கீழ தண்ணி கட்டித் தொங்கும். எங்க பக்கம் மார்கழியில அப்படிச் செத்த குட்டிக எத்தனையோ. டானின் இருக்குற குழை தின்னுற ஆட்டுல இந்தப் புழுவோட முட்டை குறையுதுன்னு பல நாட்டுல ஆராய்ஞ்சு பார்த்திருக்காங்க. துவர்ப்பு நேரா புழுவையும் தாக்கும். அதோட நல்ல புரதம் ஏறுனா ஆட்டுக்கே புழுவைத் தாங்குற தெம்பு வரும். மருந்து வேண்டாம்னு நான் சொல்ல வரல. கண்ணோட கீழ் இமைய இழுத்துப் பாருங்க. செக்கச்செவேல்னு இருந்தாக் கவலையில்ல, வெளுத்திருந்தா டாக்டர்கிட்டக் காட்டி மருந்து கொடுக்கணும். ஆனா தேவையில்லாம எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தை ஊத்திக்கிட்டே இருந்தா புழு பழகிப்போகும். குழை அந்த மருந்துச் செலவைக் குறைக்கும். எங்க வீட்டுல குறைஞ்சிருக்கு.

நான் போடுற கணக்கைச் சொல்றேன். குட்டி மூணு மாசத்துல பால் மறக்கும். அதுலருந்து பத்து மாசம் வரைக்கும்தான் கெடா வேகமா வளருற காலம், காசும் அதுலதான். பத்துக் கிலோ குட்டி ஒரு நாளைக்கு ஒரு கிலோவுலருந்து ஒண்ணேகால் கிலோ பச்சைக் குழை தின்னும். அதுல கருவேல், வெள்வேல், இலந்தை மாதிரி நாக்கை இழுக்குற குழை மூணுல ஒரு பங்கைத் தாண்ட விடமாட்டேன். மிச்சத்துக்கு வேம்பு, அகத்தி, கல்யாணமுருங்கை, கிளுவை, கொடுக்காப்புளின்னு கலந்து கட்டுவேன். சூபாபுல் கிடைச்சாலும் மூணுல ஒண்ணுதான். கூடுனா முடி கொட்டும். அது வேற நஞ்சு. சாயங்காலம் தவிடும் கம்பும் கடலைப்புண்ணாக்கும் கலந்து ஒரு கை. தண்ணி எப்பவும் தொட்டியில இருக்கணும், தொங்குறதுக்கு ஒரு உப்புக்கட்டி. வெட்டுன குழைய ஒரு பொழுது வாடவிட்டுக் கட்டுனா குட்டி இன்னும் கொஞ்சம் ஆசையாத் தின்னும். ஆவாரஞ்செடி ரோட்டோரம் எவ்வளவு பூத்துக் கிடந்தாலும் ஆடு அதைத் தொடாது. தோலுக்குப் போற துவர்ப்பு எது, தனக்கு ஆகுற துவர்ப்பு எதுன்னு ஆட்டுக்கே தெரியும்.

இவ்வளவு தெரிஞ்சும் எங்க தெருவுல ஏன் ஆடு பெருகல? குழை எங்ககிட்ட இல்ல. அதுதான் விசயம்.

நிலம் இருக்குறவனுக்கு வரப்புல வேம்பு, கிணத்தடியில அகத்தி. எங்களுக்கு இருந்தது கண்மாயும் புறம்போக்கும் மட்டும். அதுலயும் எங்க ஆடு மேய்றது என்னைக்கும் லேசா இருந்ததில்ல. அன்னைக்கு ராமநாதபுரம் மாவட்டத்துல 1930, 1931-ல் ஆதிக்க சாதிக்காரங்க எங்க சனங்களுக்குப் போட்ட தடைகளை ஹட்டன்ங்கிற வெள்ளைக்கார அதிகாரி எழுதி வச்சிருக்காரு. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகிச்சவரு அவரு. குடை பிடிக்காத, நகை போடாதங்கிறதோட, எங்க பிள்ளைக படிக்கக் கூடாது, மிராசுதாரு மாட்டை மட்டும்தான் மேய்க்கணும்னும் அதுல ஒரு தடை. மேய்க்கிறது எங்க வேலை, ஆனா எங்களுக்காக மேய்க்கக் கூடாது. வாரத்து ஆட்டுக்கும் இந்தத் தடைக்கும் எனக்கு ரொம்பத் தூரம் தெரியல.

1980-கள்ல சுவீடன் நாட்டு உதவியோட சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்துச்சு. கண்மாய் உள்வாயில வரிசையா நாட்டுக் கருவேலை நட்டாங்க. மரம் நல்ல மரம்தான். கன்னு வளருற வரைக்கும் ஆடு உள்ள போகக் கூடாதுன்னாங்க, அதுலயும் நியாயம் இருக்கு. ஆனா மரம் வளந்த பிறகும் எங்களுக்கு வழி திறக்கல. மரத்தை ஏலம் விட்டாங்க. ஏலத்துல நிக்கிறதுக்குக் காசு வேணும். காசு இருந்தாலும் அந்தக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு தொகை சொல்ல எங்க தெருவுல யாருக்குத் தைரியம்? ஏலம் எடுத்தவரு ஆளைப் போட்டுக் காவல் வப்பாரு. பங்குனி சித்திரையில புல்லு பூண்டு ஒண்ணும் இல்லாம வெடிச்சுக் கிடக்குற கண்மாய்க்குள்ள, மரத்தடி நிறைய நெத்து உதிர்ந்து கிடக்கும். ஆட்டுக்கு அந்த மாசத்துல அதைவிட்டா வேற தீனி கிடையாது. பொறுக்கப் போனாத் திருட்டுன்னு பேரு.

எங்க சின்னம்மா ஒரு சித்திரை மாசம் தொரட்டியோட உள்ள போயிருச்சு. தாழ்ந்த கொப்புல நாலு குழை ஒடிச்சதுக்குக் காவல்காரன் தொரட்டியப் பிடுங்கிக்கிட்டான். ஆடு ரெண்டையும் ஓட்டிட்டுப் போய்ப் பவுண்டுல அடைச்சுட்டாங்க. அபராதம் கட்டி மீட்குறதுக்குள்ள ஒரு குட்டி பால் இல்லாமச் செத்துப்போச்சு. சின்னம்மா அழுதது குட்டிக்காக இல்ல. "தொரட்டி எங்க அப்பன் செஞ்சு கொடுத்ததுடி"ன்னு அழுதுச்சு. தொரட்டிய அவங்க திருப்பிக் கொடுக்கவே இல்ல.

பஞ்சாயத்துத் தலைவர் பதவி எங்களுக்கு ஒதுக்குனா ஏன் அவ்வளவு கோவம் வருதுன்னு டவுன்ல இருக்குறவங்க கேட்பாங்க. நாற்காலி மட்டும்னா கோவம் அவ்வளவு வராது. அந்த நாற்காலியில உக்காந்தவரு கண்மாய் மீனுக்கும், புளியமரத்துக்கும், கருவேலுக்கும் ஏலக் கணக்குல கையெழுத்துப் போடணும். மேலூர் பக்கம் மேலவளவுல 1996-ல் தனித்தொகுதியாகி, தலைவரா வந்த முருகேசனையும் அவரோட போனவங்களையும் 1997 ஜூன் 30-ந் தேதி பட்டப்பகல்ல பஸ்ஸை மறிச்சு வெட்டிக் கொன்னாங்க. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்துல 1996-லருந்து பத்து வருசம் ஒரு தலித் தலைவர் நிலைச்சு உக்கார முடியல. 2006-ல்தான் முடிஞ்சது. எங்க ஆட்டுக்கு ஒரு கொப்புக் கருவேலங்குழை கிடைக்குமா கிடைக்காதாங்கிறதும் அந்தக் கதையில ஒரு சின்னத் துண்டுதான்.

2011 செப்டம்பர்ல விலையில்லா ஆடு கொடுக்கும் திட்டம் வந்தது. பரம ஏழைக் குடும்பத்துக்கு நாலு ஆடு. எங்க தெருவுக்கும் வந்துச்சு. மொத மொதலா வாரம் இல்லாத, பங்கு கேட்க ஆள் இல்லாத ஆடு. அம்மா அதுகளுக்குப் பொட்டு வச்சு வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துச்சு. திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இன்னைக்கு எங்க தெருவுல நிக்கிற ஆட்டுல பாதி அந்த வம்சம். ஆனா நிலமில்லாதவனுக்கு ஆட்டைக் கொடுத்தவங்க குழையக் கொடுக்கல. நாலு ஆட்டுக்குத் தினம் பத்துப் பதினஞ்சு கிலோ குழை வேணும். முடியாதவங்க முதல் வருசக் கோடையிலயே வித்துட்டாங்க. வாங்குனது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

பிறகு சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்து மரம். 1870-கள்ல கடப்பைப் பக்கம் கொண்டுவந்து நட்டது, இங்க வரைக்கும் பரவிக் கிடக்கு. அதோட இலைய ஆடு சீந்தாது. நெத்து இனிப்பு, அதைத் தின்னும். ஆனா மாசக்கணக்கா அது ஒண்ணையே தின்னா தாடை நரம்பு செத்து வாய் கோணும். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. எங்க கண்மாய்க்கும் மெசின் வந்துச்சு. மெசின்காரருக்கு ரெண்டு கருவேலுக்கும் வித்தியாசம் தெரியல. மஞ்சப்பூ உருண்டையாப் பூத்தா நாட்டுக் கருவேல், வால் மாதிரி நீளமாத் தொங்குனா சீமைன்னு எங்க தெருப் பிள்ளைக ஓடிஓடிச் சொன்னாக. யாரு கேக்குறது? பத்துப் பதினஞ்சு நாட்டு மரம் வேரோட சாஞ்சுச்சு. அப்பத்தா இருந்திருந்தா மெசின் முன்னால படுத்திருக்கும்.

இப்ப நாங்க வேற வழி பார்க்குறோம். காலனி வீடு ரெண்டரை செண்டு. வேலிக்குக் கிளுவை, மூலைக்கு ஒரு அகத்தி, சாக்கடைத் தண்ணி போற இடத்துல கல்யாணமுருங்கை. பக்கத்து வீட்டுக் கொடுக்காப்புளி எங்க பக்கம் சாஞ்ச கொப்பு எங்களுக்கு. எல்லா வீட்டுக் குழையையும் கலந்துக்கிறோம், அதனால ஒரே குழை போடுற தொந்தரவும் இல்ல. புரதக் குழை இப்படிச் சேந்துரும். துவர்ப்புக் குழைக்கும் நெத்துக்கும் மட்டும் இன்னும் கண்மாய்தான் கதி. போன தீபாவளிக்கு முந்துன வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தையில நாலு கெடா வித்தேன். மகளோட நர்சிங் படிப்புக்கு அந்த வருசக் கட்டணம் அதுலதான். யாவாரி கெடா முதுகை அமுக்கிப் பார்த்துட்டு, "என்ன போடுறீக?"ன்னு கேட்டாரு. சொன்னேன். அவரு நம்பல. ஏதோ மாத்திரைன்னு நினைச்சிருப்பாரு. அந்தக் கெடாத் தோலுக திண்டுக்கல் பக்கம் தோல்ஷாப்புக்குப் போகும். அங்கயும் தொட்டியில இறங்கி நிக்கிறது நம்ம சனங்கதான்.

மே 1-ந் தேதி கிராம சபையில நாங்க பதினோரு பொம்பளைக சேந்து ஒரு மனுக் கொடுத்தோம். ரெண்டே கோரிக்கை. ஒண்ணு, கண்மாய்க் கருவேலை ஏலம் விடும்போது, ஆள் உயரத்துக்குக் கீழ இருக்குற கொப்பும் தரையில உதிர்ற நெத்தும் ஏலத்துல சேராது, ஊருல ஆடு வளக்குற எல்லாருக்கும் பொதுன்னு தீர்மானம் போடணும். ரெண்டு, சாஞ்ச நாட்டு மரத்துக்குப் பதிலா நாட்டுக் கருவேலும் வெள்வேலும் நடணும், கன்னுக்குக் காவல் நாங்களே இருக்கோம். ஒரு பெரியவரு எந்திரிச்சு, "குழைக்கெல்லாமா தீர்மானம்?"ன்னு சிரிச்சாரு. மேலத்தெருவுல ஆடு வளக்குற ரெண்டு பொம்பளைக சிரிக்கல. பிறகு வந்து மனுவுல எங்க பேருக்குக் கீழ கையெழுத்துப் போடலாமான்னு கேட்டாங்க.

தீர்மானம் இன்னும் எழுதல. ஆகஸ்ட் 15-க்கு அடுத்த சபை. அன்னைக்கு டானின் கணக்கையும் எழுதிக் கொண்டுபோய் வாசிக்கப் போறேன்.